பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007

முதிய பெற்றோரையும் பிற மூத்தோரையும் பேணாமல் விடுதல், அவர்களைக் கைவிடுதல், அவர்களிடமிருந்து சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பின்னர்ப் புறக்கணித்தல் ஆகியவற்றுக்கு எதிராக இந்திய நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் இது. 2007 டிசம்பர் 29 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. எந்த நாள் முதல் நடைமுறைக்கு வரும் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே அறிவிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே விதிக்கப்பட்டிருந்தது; தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, அதற்கான மாநில விதிகள் 2009இல் வகுக்கப்பட்டன.

பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் சட்டக் கடமை என்ற கருத்து 2007க்கு முன்பே இந்தியச் சட்டங்களில் இடம்பெற்றிருந்தது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே சீவனாம்சம் பெறும் உரிமையை அளித்தது. அதற்கு மாற்றாக வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத தாய் தந்தையரையும் அவ்வுரிமைக்குள் சேர்த்தது. திருமணமாகிச் சென்ற மகளும் இக்கடமையிலிருந்து விலக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் இந்த 125ஆம் பிரிவு, 1973ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் (1956) 20ஆம் பிரிவும் இதே கடமையைக் கூறுகிறது. ஆயினும் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, வழக்கறிஞருக்குக் கட்டணம் செலுத்தி, வாய்தாவுக்கு வாய்தா அலைந்து உத்தரவு பெறும் வலிமை எழுபது வயதைக் கடந்த ஒருவருக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. எளிய, விரைவான தனி வழியொன்று தேவை என்ற எண்ணம் பிறந்தது இதனால்தான். சிங்கப்பூர் 1995இலும், இலங்கை 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாகவும், இந்திய மாநிலங்களுள் இமாசலப் பிரதேசம் 2001இலும் இத்தகைய ஏற்பாடுகளைச் செய்திருந்தன.

அறுபது வயதை எட்டிய இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள் எவரும் இச்சட்டத்தின்படி மூத்த குடிமக்கள் ஆவர். பெற்றோர் என்னும் சொல் பெற்றவர்களை மட்டுமன்றித் தத்தெடுத்தவர்களையும் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தையையும் குறிக்கும். அவர்களுக்கு வயது வரம்பு இல்லை. பிள்ளைகள் என்போர் வயது வந்த மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோர். பிள்ளையில்லாத முதியவரைப் பொறுத்தவரை, அவருடைய சொத்தை இப்போது அனுபவித்து வருகிற அல்லது அவருக்குப் பின் அடையவிருக்கிற வாரிசு ‘உறவினர்’ எனப்படுகிறார். கடமை அவரைச் சேர்கிறது. சொத்தின் பயன் எவருக்கோ பேணும் பொறுப்பும் அவருக்கே என்ற இக்கோட்பாடு நேர்மையானது. மருமகளும் மருமகனும் இவ்வரையறைகளுள் இடம்பெறவில்லை.

பராமரிப்பு என்பது உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகிய நான்கையும் உள்ளடக்கும். தம் வருவாயாலோ சொத்தாலோ இவற்றைப் பெற இயலாத முதியவர், கோட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரைத் தலைவராகக் கொண்ட பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்டிஓ, இப்பொறுப்பை வகிக்கிறார். நேரில் வர இயலாதவருக்காக அவர் அனுமதி பெற்ற வேறொருவரோ தொண்டு நிறுவனமோ மனு அளிக்கலாம். மனு எதுவும் வராத நிலையிலும் தீர்ப்பாயம் தானாகவே விசாரணையைத் தொடங்கலாம். முதலில் சமரச அலுவலர் வழியே இணக்கம் காண முயலலாம். எதிர்த்தரப்பினருக்கு அறிவிப்பு சேர்ந்ததிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றும், விதிவிலக்கான காரணம் இருந்தால் மேலும் 30 நாட்கள் மட்டுமே நீட்டிக்கலாம் என்றும் சட்டம் வரையறுக்கிறது; இடைக்காலத் தொகைக்கும் உத்தரவிடலாம். உத்தரவிட்ட தொகையைத் தராதவரிடமிருந்து பிடியாணையின் வழியே அதனை வசூலிக்கலாம். அதன் பின்னும் பாக்கி நின்றால் ஒரு மாதம் வரை சிறையில் அடைக்கலாம். வழக்கறிஞர்கள் முன்னிலையாவதைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. மேல்முறையீட்டை மாவட்ட ஆட்சியர் விசாரிக்கிறார். 16ஆம் பிரிவின் வாசகத்தில் முதியோரும் பெற்றோரும் மட்டுமே மேல்முறையீடு செய்யலாம் என்றிருக்க, பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் 2014இல் இரு தரப்புக்கும் அவ்வுரிமை உண்டு என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அதனை ஏற்காமல், பிரிவில் எழுதியபடியே பொருள் கொண்டது.

மாதத்திற்கு அதிக அளவாக 10,000 ரூபாய் மட்டுமே தீர்ப்பாயம் விதிக்கலாம் என்ற வரம்பு இச்சட்டத்தின் பெருங்குறை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் நெடுங்காலம் இருந்த 500 ரூபாய் வரம்பு 2001இலேயே நீக்கப்பட்டுவிட்ட பிறகு, முதியோருக்கென்றே வகுத்த சட்டம் 2007இல் புதியதொரு வரம்பைப் புகுத்தியது. இரண்டு வழிகளுள் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம் என்று 12ஆம் பிரிவு கூறுவதால், விரைவான வழியை நாடும் முதியவர் குறைந்த தொகைக்கு இசைய வேண்டியவராகிறார். பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ள ஒருவரின் மருத்துவத்திற்கே இத்தொகை போதாது.

நடைமுறையில் இச்சட்டத்தின் உயிர்நிலை 23ஆம் பிரிவே. முதியவர் ஒருவர் தமக்கு அடிப்படை வசதிகளையும் உடல்சார் தேவைகளையும் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைத் தானமாகவோ வேறு வகையிலோ எழுதிக்கொடுத்து, பெற்றவர் அதனைச் செய்யத் தவறினால், அந்த உரிமை மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும். எழுதிக்கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதனைச் செல்லாது என அறிவிக்கலாம். பதிவு செய்த தானப் பத்திரத்தைத் திரும்பப் பெறுவது பொதுச் சட்டத்தில் மிக அரிது. மோசடியை மெய்ப்பிக்கும் சுமையும் வழக்குத் தொடுப்பவர் தோளிலேயே இருக்கும். அச்சுமையை முதியவரிடமிருந்து இறக்கி வைத்ததே இப்பிரிவின் பெரும் பயன். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

சிக்கல் ‘நிபந்தனை’ என்ற ஒரு சொல்லில் எழுந்தது. தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்கிடையே சொத்து பெரும்பாலும் செட்டில்மென்ட் பத்திரத்தின் வழியே கைமாறுகிறது. ‘அன்பாலும் பாசத்தாலும்’ எழுதிக்கொடுப்பதாகப் பத்திர எழுத்தர் வழக்கமான வாசகத்தை எழுதுவாரே அன்றி, மகன் சோறு போட வேண்டும் என்று எந்தத் தாயும் சார்பதிவாளர் முன்னிலையில் சொல்லி எழுதுவிப்பதில்லை. சொல்லாமலே விளங்கும் என்று அவள் நம்புகிறாள். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அத்தகைய நிபந்தனை இருந்தது என்பதை மெய்ப்பிக்காத நிலையில் 23ஆம் பிரிவு பொருந்தாது என்று கூறியபோது, இவ்வாறு எழுதிக்கொடுத்த பெற்றோருக்கு இருந்த வழி குறுகியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கில், இது நலச்சட்டம் ஆதலால் அதன் நோக்கத்திற்கேற்பத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று விளக்கி, தானப் பத்திரத்தை ரத்து செய்த உத்தரவை மீட்டளித்தது. அவ்வழக்கில் மகன் தாயைப் பேணுவதாகத் தனி உறுதிமொழி எழுதித் தந்திருந்ததாகத் தாய் காட்டினார். நாகப்பட்டினம் மாவட்ட வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025இல் மேலும் ஓரடி சென்று, அன்பும் பாசமுமே மறைமுக நிபந்தனை என்று கொண்டது. குடும்பங்கள் உண்மையில் இயங்கும் முறைக்கு இவ்விளக்கமே நெருக்கமானது. எனினும் நீதிமன்றங்களின் பார்வை வேறுபடும் வரை, பராமரிப்பு நிபந்தனையையும் ஆயுட்காலம் வரை வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதுவிப்பது முதியோருக்குப் பாதுகாப்பு. எழுதியவர் இறந்த பின்னரே நடைமுறைக்கு வருவதும், அதுவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றத்தக்கதுமான உயிலில் இத்தகைய இடரே இல்லை.

பிள்ளைகளை வீட்டைவிட்டு வெளியேற்றும் அதிகாரம் தீர்ப்பாயத்திற்கு உண்டு என்று சட்டத்தில் நேரடியாக எழுதப்படவில்லை. முதியவரின் பாதுகாப்புக்கு இன்றியமையாத நிலையில் அவ்வாறு உத்தரவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஏற்றது. அதே தீர்ப்பில், கணவனுடன் பிணக்குற்ற மருமகளைத் துரத்தும் கருவியாக இச்சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றும், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்கு அளித்த குடியிருப்பு உரிமையோடு இதனை இணக்கமாகப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்றும் எச்சரித்தது.

அடித்தல், ஏசுதல், அறையில் பூட்டி வைத்தல், மருந்தை மறுத்தல் போன்ற கொடுமைகளுக்கு இச்சட்டம் வரையறை தரவில்லை. 24ஆம் பிரிவு, பேணும் பொறுப்பிலுள்ளவர் முதியவரை எங்கேனும் கொண்டுபோய் முற்றிலுமாகக் கைவிடுவதை மட்டுமே குற்றமாக்குகிறது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு ஆளாகும் மூதாட்டி 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை நாடலாம். எதிர்மனுதாரர் ‘வயது வந்த ஆண்’ ஆகவே இருக்க வேண்டும் என்றிருந்த வாசகத்தை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கியதால், மகன் மீது மட்டுமன்றி மருமகள் மீதும் அவர் முறையிட முடியும். முதிய ஆணுக்கு அந்த வழி இல்லை. அடியோ மிரட்டலோ நேர்ந்தால் பொதுக் குற்றவியல் சட்டத்தின் கீழ்க் காவல் நிலையத்தையே அவர் அணுக வேண்டும்.

சொத்தும் இல்லாமல், பேணும் வசதி படைத்த பிள்ளையும் இல்லாத முதியோருக்கு இச்சட்டத்தால் கிடைப்பது மிகக் குறைவு. மாவட்டத்திற்கு ஒன்றேனும் 150 பேர் தங்கத்தக்க முதியோர் இல்லம் அமைப்பது பற்றி 19ஆம் பிரிவு பேசினாலும், அது மாநிலத்தின் விருப்பத்திற்கே விடப்பட்டுள்ளது. நாட்டின் பல பகுதிகளில் இப்பிரிவு செயல்வடிவம் பெறாமல் இருந்த நிலையில், மாவட்டந்தோறும் உள்ள இல்லங்களின் விவரங்களைத் திரட்டுமாறு உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் பணித்தது. 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, 10,000 ரூபாய் வரம்பை நீக்கவும், மருமகளையும் மருமகனையும் பிள்ளைகள் என்னும் வரையறைக்குள் சேர்க்கவும், கைவிடுதலுக்கான சிறைத்தண்டனையை ஆறு மாதம் வரை உயர்த்தவும் முன்மொழிந்தது. அது நிறைவேறாமலே, 2024இல் அந்த மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று.