மந்தாரை இலையும் இறால் ஓடும்

போன மாசம் எங்க பசு ஒண்ணு வயிறு உப்பிச் செத்துப்போச்சு. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் வயித்துக்குள்ள இருந்து எடுத்ததெல்லாம் சாப்பாட்டு பார்சல் கட்டுற பிளாஸ்டிக் தாள். சாம்பார் வாசத்துக்குத் தாளோட சேர்த்துத் தின்னிருக்கு. சோத்தைக் கட்ட இதை விட்டா வேற வழியே இல்லையான்னு தேடிப் படிச்சேன். அதைத்தான் எழுதுறேன்.

அப்பா காலத்துல வெற்றிலைக் கட்டுக்கு வாழைச்சருகு, கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி, ஓட்டல் பார்சலுக்கு மந்தாரை இலை. மாடு தின்னாலும் செரிக்கும், குப்பைக்குழியில போட்டா உரமாகும்.

பாலிதீன் 1933-இல் இங்கிலாந்தில், ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. தண்ணி புகாது, கிழியாது, விலையும் குறைவு. இலை தோத்துப்போச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்குத் தடை. ஆனா எங்க மாட்டு வயித்துக்கு அது எட்டலை.

எனக்கு ஆச்சரியம் தந்தது இன்னொரு கதை. 1811-இல் பிரான்சில் ஹென்றி பிராகொன்னோ காளானிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். அதுதான் இன்னிக்குக் கைட்டின்னு சொல்றது. இறால், நண்டு ஓட்டிலும் அதுவே இருக்கு. 1859-இல் சார்ல்ஸ் ரூஜே அதைக் காரத்தில் வேகவைத்து இன்னொரு பொருளாக மாற்றினார். இன்று அதன் பெயர் கைட்டோசான். பாலிதீனுக்கு 74 வருஷம் மூத்தது!

இதை வினிகர் மாதிரி லேசான புளிப்பு நீரில் கரைச்சு, தட்டில் ஊத்திக் காயவிட்டா மெல்லிய தாளா உரிஞ்சு வரும். கைட்டோசானுக்கு நேர்மின் தன்மை, பாக்டீரியாவின் மேல்தோலுக்கு எதிர்மின் தன்மை. அதனால ரெண்டும் ஒட்டி, கிருமியின் தோல் சிதையுது. பிளாஸ்டிக் சோத்தை மூடத்தான் செய்யும், இது கெடாமலும் காக்கும். அப்புறம் மண்ணிலேயே மக்கிடும்.

அப்படின்னா ஏன் கடையில காணோம்? ஈரம் பட்டா ஊறிடும், விலையும் பிளாஸ்டிக்கைவிட அதிகம். சாம்பார் கட்ட இன்னும் தயாராகலை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கு. மூலப்பொருள் நம்ம கடற்கரையில கழிவாக் கிடக்கு.

அது வர்ற வரைக்கும் ஓட்டலுக்குப் போறப்ப ஒரு தூக்குவாளி எடுத்துட்டுப் போங்க. நீங்க பிரிச்சுப் போடுற பார்சல் தாள் உங்க தெருக் குப்பைத்தொட்டியோட நிக்கிறதில்லை. காத்துல பறந்து எங்க தொழுவம் வரைக்கும் வருது.