முதலீட்டு ஆலோசகர் நன்னெறி விதிகள்: இந்திய வரலாறு

பிறருடைய சேமிப்பை எங்கே, எவ்வளவு காலத்துக்கு முதலீடு செய்யலாம் என்று கட்டணம் பெற்று வழிகாட்டுபவர் முதலீட்டு ஆலோசகர். நிதித் திட்டமிடுநர் என்ற பெயரும் வழக்கில் உண்டு. இவர் வாடிக்கையாளரிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை இந்தியாவில் செபி எனப்படும் இந்தியப் பங்கு, பரிவர்த்தனை வாரியம் 2013ஆம் ஆண்டு வகுத்த விதிகள் வரையறுக்கின்றன. ஆலோசகருக்குப் பணம் கொடுப்பவர் யார் என்ற ஒரு கேள்வியைச் சுற்றியே இவ்விதிகளின் வரலாறு அமைந்துள்ளது.

அமெரிக்க முன்னோடி

அமெரிக்காவில் முதலீட்டு ஆலோசகர் சட்டம் 1940இல் இயற்றப்பட்டது. அதன் பொருளைத் தெளிவாக்கியது 1963இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு. சந்தாதாரர்களுக்கு மாத அறிக்கை அனுப்பிவந்த ஓர் ஆலோசனை நிறுவனம், தான் பரிந்துரைக்கப்போகும் பங்குகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டது. பரிந்துரை வெளியாகி விலை ஏறியதும் அவற்றை விற்று லாபம் பார்த்தது. பரிந்துரை நேர்மையானதாகவே இருந்தாலும் ஆலோசகர் தம் சொந்த ஆதாயத்தை மறைத்தது தவறு என்று நீதிமன்றம் கூறியது. வாடிக்கையாளரின் நலனையே முன்வைத்துச் செயல்படும் இக்கடமையைத் தமிழில் ‘நம்பிக்கைப் பொறுப்பு’ எனலாம்.

1973இல் அந்நாட்டில் 42 பேர் முதன்முதலாகச் சான்றுபெற்ற நிதித் திட்டமிடுநர்களாகத் தேர்ச்சி பெற்றனர். நிதி சார்ந்த எந்த ஆலோசனை தரும்போதும் அவர்களுக்கு இப்பொறுப்பு உண்டு என்ற நெறிமுறை 2019 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

கமிஷன் காலம்

இந்தியாவில் பரஸ்பர நிதித் திட்டங்களை விற்றவர்களுக்கு நிதி நிறுவனங்களே கமிஷன் வழங்கிவந்தன. பங்கு சார்ந்த திட்டங்களில் பொதுவாக 2.25 விழுக்காடு நுழைவுக் கட்டணம் பிடிக்கப்பட்டது. ஒருவர் 10,000 ரூபாய் செலுத்தினால் 225 ரூபாய் கழிந்து 9,775 ரூபாய் மட்டுமே முதலீடாகும். நல்ல ஆலோசனை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிடித்தம் ஒன்றுதான்.

செபி இந்த நுழைவுக் கட்டணத்தை 2009 ஆகஸ்ட் 1 முதல் நீக்கியது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் சி.பி. பாவே. முகவரின் சேவைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை முதலீட்டாளரே முடிவு செய்து நேரடியாகக் கொடுக்கட்டும் என்பது இதன் நோக்கம். அதற்குப்பின் விற்பனையாளர் பலர் கமிஷன் அதிகம் கிடைத்த யூலிப் காப்பீட்டுத் திட்டங்களின் பக்கம் திரும்பினர்.

யூலிப் சர்ச்சை

காப்பீடும் பங்குச்சந்தை முதலீடும் கலந்த யூலிப் திட்டங்களை எந்த அமைப்பு கட்டுப்படுத்துவது என்ற பூசல் 2010இல் வெடித்தது. ஏப்ரல் 9 அன்று 14 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் தன் அனுமதியின்றி இத்திட்டங்களை விற்கக்கூடாது என்று செபி ஆணையிட்டது. ஜூன் மாதம் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் அதிகாரத்தைக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்துக்கே அளித்தது. அந்த ஆணையம் செப்டம்பர் 1 முதல் கட்டணங்களுக்கு வரம்பு விதித்து, பணத்தை எடுக்க முடியாத காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியது. ஒரு பொருளில் கமிஷனை அடைத்தால் அது வேறொரு பொருளின் வழியே வரும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

2013 விதிகள்

பொருளை மட்டும் கட்டுப்படுத்தாமல் ஆலோசனை சொல்பவரையே நெறிப்படுத்தும் முயற்சியாக, முதலீட்டு ஆலோசகர் ஒழுங்குமுறை விதிகள் 2013 ஏப்ரல் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றின் முக்கியக் கூறுகள்:

• ஆலோசகர் வாடிக்கையாளரிடம் நம்பிக்கைப் பொறுப்புடன் நடக்க வேண்டும்.
• வயது, வருமானம், கடன், இழப்பைத் தாங்கும் திறன் ஆகியவற்றை அறிந்து, அவற்றுக்குப் பொருந்தும் ஆலோசனையே தர வேண்டும்.
• பரிந்துரைக்கும் பொருளுக்காக வாடிக்கையாளரைத் தவிர வேறு எவரிடமும் பணம் பெறக்கூடாது.
• தமக்குள்ள ஆதாய முரண்களை வெளிப்படுத்த வேண்டும்.
• ஆலோசனைப் பதிவேடுகளை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

அதே ஆண்டு ஜனவரி 1 முதல், கமிஷன் சேராத ‘நேரடித் திட்டங்கள்’ பரஸ்பர நிதிகளில் கட்டாயமாயின. கட்டணம் மட்டும் பெறும் ஆலோசகர் பரிந்துரைக்கத் தக்க பொருள் இதனால் கிடைத்தது.

2020 திருத்தமும் பின்னரும்

2020 செப்டம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஆலோசனையையும் விற்பனையையும் மேலும் பிரித்தது. ஆலோசனை பெறும் வாடிக்கையாளருக்கு, ஆலோசகரின் குடும்பத்தாரும் கமிஷன் பெற்றுப் பொருள் விற்க முடியாது. பதிவு பெறாத விற்பனையாளர் ‘சுயேச்சை நிதி ஆலோசகர்’ என்று சொல்லிக்கொள்ளவும் தடை வந்தது. நிலையான கட்டணமாக வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் உச்ச வரம்பானது. 2025இல் இது 1,51,000 ரூபாயாக உயர்ந்தது.

விதிகள் இறுகிய அளவுக்கு ஆலோசகர் எண்ணிக்கை பெருகவில்லை. பரஸ்பர நிதி விற்பனையாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்க, பதிவுபெற்ற ஆலோசகர்கள் 2024இல் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. கட்டணத்தைக் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கப் பலர் தயங்குவதும், பதிவுக்கான கடும் தகுதி நிபந்தனைகளும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. 2024 டிசம்பரில் செபி இத்தகுதிகளைத் தளர்த்தியது.

எதிரில் இருப்பவர் ஆலோசகரா விற்பனையாளரா என்பதை அவருடைய பதிவெண்ணைக் கொண்டே அறியலாம். செபியில் பதிவுபெற்ற ஆலோசகரின் எண் ‘ஐஎன்ஏ’ என்று தொடங்கும். பரஸ்பர நிதி விற்பனையாளருக்கு உரியது ‘ஏஆர்என்’ எண். முன்னவருக்கு வாடிக்கையாளர் பணம் தருகிறார். பின்னவருக்கு நிதி நிறுவனம் தருகிறது. இருவரும் சட்டப்படியே தொழில் செய்பவர்கள். ஆனால் நம்பிக்கைப் பொறுப்பைச் சட்டப்படி ஏற்றிருப்பவர் முன்னவரே.