ஆவுரிஞ்சு கல்

மாடுகள் உடம்பை உரசித் தினவு தீர்த்துக்கொள்வதற்காக வழியோரத்தில் நட்டுவைத்த கல்தூண் ஆவுரிஞ்சு கல். பழைய நூல்கள் இதனை ஆதீண்டு குற்றி என்றும் ஆவுரிஞ்சுதறி என்றும் குறிக்கின்றன. யாழ்ப்பாணத்தார் வாயில் ஆவுரோஞ்சிக் கல். முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலில் தண்ணீர்ப்பந்தல், மடம், குளம், சோலை ஆகியவற்றோடு இதற்கும் இடம் உண்டு.

உண்ணியும் காய்ந்த சேறும் ஒட்டிய கழுத்துக்கு மாட்டின் நாக்கும் எட்டாது, வாலும் எட்டாது. கல் இல்லாவிட்டால் அது வேலியில்தான் போய் உரசும். கிடுகு வேலி எத்தனை நாள் தாங்கும்? யாழ்ப்பாணத்தில் இக்கல் பெரும்பாலும் தண்ணீர்த்தொட்டி, சுமைதாங்கி, மடம் இவற்றின் அருகே நின்றது. மேய்ச்சல் முடிந்து திரும்பும் மாடுகள் தொட்டியில் நீர் குடித்து, கல்லில் விலாவைத் தேய்த்துவிட்டு வீடு போகும். நெடுங்காலம் உரசப்பட்ட கல் மாட்டின் தோளுயரத்தில் மட்டும் வழவழத்திருக்கும். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. உரிஞ்சு கல்லும் அப்படிப் பொதுவுக்கு விட்ட தர்மமே. யார் வீட்டு மாடு என்று எவரும் கேட்டதில்லை.

இதற்கு மாறாக, பழைய எகிப்தில் விலங்குக்கான கல் கட்டடத்துக்குள் இருந்தது, அதுவும் அரசனின் கட்டடத்துக்குள். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அரசன் அக்னாதன் எழுப்பிய அமர்னா நகரின் வடக்கு அரண்மனையில் மாடும் வரையாடும் செதுக்கிய சுண்ணாம்புக்கல் தீவனத் தொட்டிகள் கிடைத்தன. இரண்டாம் ராம்சேசின் தலைநகர் இருந்த கந்தீரில் தேர்க்குதிரை லாயங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. கயிறு கட்டுவதற்கான துளைக்கற்கள் அவற்றின் தரையில் பதிந்திருந்தன. படைக்குதிரை அவிழ்ந்து ஓடிவிடக் கூடாது என்பதே அங்கே கவலை.

ஆவுரிஞ்சு கல் நட்ட அதே யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவின் ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்தனர். தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு 1893இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1982இல் அவ்வூர் தெலுக் இந்தான் ஆனது. சுற்றிலும் பேராக் ஆற்றுக் களிமண்ணும் சதுப்பும். 1885இல் அங்கே கட்டிய கோபுரமே மண் இளகிச் சாய்ந்துவிட்டது. கல்தூண் நடுவதற்கேற்ற பூமி அல்ல அது. அங்கே தோட்டத் தமிழர் தங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் பலகையும் தகரமும் கொண்டு மாட்டுக்கொட்டகை போட்டார்கள். மாட்டைக் கட்டுவதற்கு முளைக்குச்சி இருந்தது. உரசுவதற்கு மரங்களுக்குப் பஞ்சமில்லை.