உத்தியோகக் கைப்பேசியின் சாவி

வர்த்தக ஸ்தாபனங்களும் சர்க்கார் காரியாலயங்களும் தம் கடிதங்களையும் கணக்குகளையும் இரும்புப் பெட்டியில் பூட்டிச் சாவியை மேலதிகாரியிடம் ஒப்படைத்துவந்த வழக்கம் மாறி, அவை யாவும் ஓர் ஊழியரின் சட்டைப்பைக்குள் அடங்கி அவருடன் ரயிலிலும் பஸ்ஸிலும் யாத்திரை செய்யத் தொடங்கியபோது, அந்தப் பெட்டிக்குச் சாவி எது, அது யாரிடம் இருப்பது நியாயம் என்ற பிரச்னை பிறந்தது. உத்தியோகக் கைப்பேசியின் தகவல்களைச் சங்கேதமாக்கிக் காக்கும் கலையில் கணித சாஸ்திரத்தின் பங்கு பெரிதே எனினும், அக்கலையின் சரித்திரத்தை நடத்திச் சென்றது இந்தச் சாவித் தகராறுதான் என்பது என் துணிபு.

கானடா தேசத்து வாட்டர்லூ நகரத்தில் இயங்கிய ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் பிளாக்பெர்ரி என்னும் கைக்கருவியை வெளியிட்டபோது, அதன் பெருமை ஒரு யுக்தியில் அடங்கியிருந்தது. காரியாலயத்தின் சொந்த சர்வரில் சங்கேதமாக்கப்படும் கடிதம், ஊழியரின் கைக்கருவியை அடைந்த பிறகே தன் சுயரூபத்தைப் பெறும். சாவி அவ்விரண்டு இடங்களிலன்றி வேறெங்கும், இடையில் நின்று கடிதத்தைச் சுமக்கும் அந்நிறுவனத்திடமும்கூட, இராது. வங்கிகளும் வழக்கறிஞர்களும் இதை விரும்பியதற்கு எது காரணமோ, அதுவே அரசாங்கங்கள் இதைக் கண்டு கலங்கியதற்கும் காரணமாயிற்று. 2008 நவம்பரில் மும்பையில் நடந்த பயங்கரத் தாக்குதலுக்குப் பின் கவலை மிகுந்திருந்த இந்திய அரசு, 2010 ஆகஸ்டு 31-ஆம் தேதிக்குள் செய்திகளைப் பார்வையிட வழி செய்யாவிட்டால் சேவையை நிறுத்தப்போவதாக எச்சரித்தது; நிறுவனமோ, காரியாலயக் கடிதங்களின் சாவி தன்னிடம் இல்லாததால் தரவும் இயலாது என்று விடை கூறியது. கெடு தள்ளிப்போடப்பட்டது. தேசப் பாதுகாப்பை முன்னிட்டு எழுந்த அக்கோரிக்கையை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் இல்லாத சாவியை எவரிடமும் பறிக்க முடியாதல்லவா?

கடிதம் வழியில் பத்திரமாக இருந்தால் போதாது; கருவியே களவுபோகலாம். 2007-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் ஐபோனில் இதற்குப் பரிகாரம் இல்லை. 2009-இல் வந்த 3ஜிஎஸ் மாதிரியில் சேமிப்பு முழுவதும் சங்கேதமானபோதிலும், சாவி கடவுச்சொல்லோடு சம்பந்தமின்றிக் கருவிக்குள்ளேயே கிடந்தமையால், விஷயமறிந்த திருடனுக்கு அது பெரிய தடையாகவில்லை. மறு ஆண்டில்தான், உரியவரின் கடவுச்சொல்லையும், தயாரிக்கும்போதே சில்லில் பொறிக்கப்பட்ட ஓர் எண்ணையும் கலந்து சாவி ஆக்கும் முறை வந்தது. 2014-இல் ஐபோனின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ் 8 வந்தபோது இம்முறை ஏறக்குறைய எல்லாத் தகவல்களுக்கும் விரிய, பூட்டிய போனைத் திறக்கத் தன்னாலும் முடியாது என்று ஆப்பிள் பகிரங்கமாக அறிவித்தது.

அந்த அறிவிப்புக்குச் சோதனை ஓர் உத்தியோகக் கைப்பேசியின் மூலமாகவே வந்தது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேரைச் சுட்டுக்கொன்ற இருவரில் ஒருவன் மாவட்டப் பொதுச் சுகாதாரத் துறை ஊழியன். அவன் விட்டுச்சென்ற ஐபோன் 5சி மாவட்ட நிர்வாகத்தின் சொத்து. உடைமைக்காரர் சம்மதித்தும், கடவுச்சொல் இறந்தவனோடு போய்விட்டது. 10 முறை தவறாக அழுத்தினால் தகவல் யாவும் அழிந்துவிடக்கூடும் என்ற அச்சம் வேறு. ஊழியர் போன்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளுக்கு மாவட்டம் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தது. அதை இந்தப் போனில் நிறுவியிருந்தால் பூட்டை எளிதில் நீக்கியிருக்கலாம். இத்தனை பெரிய வழக்குக்கு இத்தனை சிறிய அசிரத்தை மூலமாயிற்றே என்று எண்ணும்போது என் மனம் இன்றும் ஆறுவதில்லை. 2016 பிப்ரவரி 16-ஆம் தேதி, 1789-ஆம் ஆண்டுச் சட்டமொன்றை ஆதாரமாகக் கொண்டு, கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பதற்கு இருந்த தடைகளை அகற்றும் தனி மென்பொருளை ஆப்பிள் எழுதித்தரவேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட, அந்நிறுவனத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி டிம் குக் பகிரங்கக் கடிதம் எழுதி மறுத்தார். மார்ச் 28-ஆம் தேதி, வேறொருவர் உதவியால் போன் திறக்கப்பட்டுவிட்டதாகக் கூறி அரசு வழக்கைக் கைவிட்டது. சட்டப் பிரச்னை தீராமலே நின்றது.

ஐபோன் வாங்க இயலாத பெருந்திரளான உழைப்பாளிகளுக்கு இந்தக் காப்பு வந்துசேர மேலும் காலமாயிற்று. 2001-இல் அமெரிக்க அரசு ஏற்ற ஏஇஎஸ் என்னும் சங்கேத முறை மலிவான சில்லுகளில் மிக மந்தமாக ஓடியதால், 2015-இல் கூகுளின் இயக்க மென்பொருளான ஆண்ட்ராய்டு 6 சங்கேதத்தைக் கட்டாயமாக்கியபோதும் அத்தகைய போன்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எளியவனின் இரகசியம் எவ்விதத்தில் குறைந்தது என்ற கேள்விக்கு 2019-இல்தான் விடை கிடைத்தது: கூகுள் நிறுவனத்தார் வகுத்த அடியாண்டம் என்னும் முறை அந்த மந்தத்தைப் போக்க, ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவரும் போன் எதற்கும் விலக்கு இல்லாமற்போயிற்று. ஊழியரின் சொந்தப் போனிலேயே காரியாலயத்துக்கெனத் தனிப் பகுதி வகுத்து, அதற்குத் தனிச் சாவி அமைக்கும் வசதியும் இதற்குள் வந்துவிட்டது. அவர் வேலையை விட்டு விலகும்போது நிறுவனம் தன் பகுதியை மாத்திரம் அழித்துக்கொள்ளலாம், அவருடைய குழந்தையின் படங்களை அது தீண்டாது.