பெண்கள் குத்துச்சண்டை (தமிழ்நாடு)

இந்தியாவின் முதல் பெண்கள் தேசியக் குத்துச்சண்டைப் போட்டி 2001 பிப்ரவரி 6 முதல் 12 வரை சென்னையில் நடந்தது. மணிப்பூரிலிருந்து வந்திருந்த 18 வயது மேரி கோம் அதில் தங்கம் வென்றார். அதே ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் நகரில் நடந்த முதல் பெண்கள் உலகப் போட்டியில் 48 கிலோ பிரிவில் அவருக்கு வெள்ளி கிடைத்தது.

சென்னைக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்திலேயே வடசென்னையில் வேர் பிடித்த விளையாட்டு இது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி பிரிந்து 'ரோசமான குத்துச்சண்டை' போட்டார்கள். துறைமுகக் கூலிகளும் மீனவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கையுறை மாட்டினார். ஆனால் பரம்பரைகள் புகழோடு இருந்த காலமெல்லாம் மேடை ஆண்களுடையதாகவே இருந்தது.

உலக அளவிலும் கதை ஏறக்குறைய இதுதான். 1722-ல் லண்டனில் எலிசபெத் வில்கின்சன் இன்னொரு பெண்ணைப் பத்திரிகையில் சவால் விட்டு மோத அழைத்தார். ஒவ்வொருவரும் உள்ளங்கையில் ஒரு நாணயத்தைப் பிடித்திருக்க வேண்டும், அதை முதலில் நழுவவிட்டவர் தோற்றவர் என்பது நிபந்தனை. அதன்பின் நெடுங்காலம் தடைதான். இங்கிலாந்தின் அமெச்சூர் சங்கம் 1996-ல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. ஒலிம்பிக் குழு 2009-ல் ஒப்புக்கொண்டு, 2012 லண்டனில் மூன்று எடைப் பிரிவுகளை மட்டும் கொடுத்தது. அதற்குச் சற்று முன்புதான் வீராங்கனைகளைப் பாவாடை அணிய வைக்கலாமா என்று சர்வதேசச் சங்கம் யோசித்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது அவரவர் விருப்பம் என்றாகிவிட்டது. முகத்தில் குத்து விழும்போது கீழே என்ன உடுத்தியிருக்கிறோம் என்று யாருக்கு நினைப்பிருக்கும்?

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்கு வந்த பெண்களைப் பெரும்பாலும் அரசு வேலை ஆசைதான் இழுத்தது. காவல்துறையிலும் ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. சென்னை வீராங்கனை துளசியைப் பின்தொடர்ந்து நார்வே இயக்குநர்கள் இருவர் எடுத்த 2013-ஆம் ஆண்டு ஆவணப்படம், சாதியும் வறுமையும் கல்யாண நெருக்கடியும் சேர்ந்து அழுத்தும் ஒரு பெண் வேலையைக் குறிவைத்துக் குத்துவதைக் காட்டியது. சங்க அதிகாரிகளின் அத்துமீறலையும் அது மறைக்கவில்லை.

சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' (2016) இதே பிரச்சினையை வணிகப் படமாக்கியது. மீன் விற்கும் வடசென்னைப் பெண்ணாக நடித்த ரித்திகா சிங், நிஜத்திலும் சண்டைப் போட்டிகளில் மோதியவர். கதாநாயகியை மீனவக் குப்பத்திலிருந்து எடுத்தது பொருத்தமான தேர்வு. காசிமேட்டில் தொடங்கி எண்ணூர், காட்டுப்பள்ளி தாண்டிப் பழவேற்காடு வரை நீள்வது மீனவர் கரை. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' எனப்படும் முறைவைத்து மீன் பிடிக்கும் உரிமை ஆண்களின் பெயரிலேயே இருக்கிறது. கரைக்கு வந்த மீனை விலை பேசி விற்பதும் கருவாடு போடுவதும் பெண்களின் பாடு. சந்தையில் வாய்ச்சண்டைக்கு அஞ்சாதவர்கள் என்று பெயர் வாங்கிய இந்தப் பெண்கள் பயிற்சிக் கூடத்துக்கு வருவதுதான் கடினம். பழவேற்காட்டுச் சிறுமி ஒருத்தி சென்னைக்கு வர வேண்டுமானால் பொன்னேரி வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டும். பயிற்சியோ நாள் தவறாமல் வேண்டும்.

படத்தில் வருவது போல ஒரு பயிற்சியாளர் தெருவில் கண்டெடுக்கும் திறமை நிஜத்தில் அபூர்வம். வீட்டிலேயே கையுறை இருந்தவர்களுக்குத்தான் வழி சற்று எளிதாக இருந்திருக்கிறது. சென்னையின் எஸ். கலைவாணி அதற்குச் சான்று. தந்தையும் அண்ணனும் குத்துச்சண்டை வீரர்கள். உறவினர்கள் தடுத்தும் தந்தை விட்டுக்கொடுக்கவில்லை. 2019 தேசியப் போட்டியில் வெள்ளி வென்ற கலைவாணி, அதே ஆண்டு காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 48 கிலோ பிரிவில் தங்கம் வென்றார்.

அந்த எடை ஒலிம்பிக்கில் இல்லை. மேரி கோமும் இதே காரணத்தால் 51 கிலோவுக்கு ஏறித்தான் லண்டனில் வெண்கலம் பெற்றார். 2024 பாரிஸில் பெண்களுக்கு ஆறு பிரிவுகள் இருந்தும் மிகக் குறைந்தது 50 கிலோ. அதில் இந்தியாவுக்காக இறங்கியவர், இருமுறை உலகச் சாம்பியனான தெலங்கானாவின் நிகத் ஜரீன்.