காதுவரை எட்டாத கம்பிகள்

மூக்குக்கண்ணாடி பிறந்து 400 ஆண்டுகளுக்கும் மேலாக அதற்குக் கைகள் இருக்கவில்லை. 1306ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஃப்ளாரன்ஸ் நகரில் பிரசங்கம் செய்த ஜொர்தானோ த பீசா என்ற டொமினிக்கத் துறவி, கண்ணாடி செய்யும் கலை கண்டறியப்பட்டு இன்னும் 20 ஆண்டுகள்கூட ஆகவில்லை என்று வியந்தார். அந்தப் பேச்சை வைத்துத்தான் அதன் பிறப்பை 1280களின் பிற்பகுதி என்று கணிக்கிறார்கள். கண்ணாடி அணிந்த மனிதரின் உருவம் முதன்முதலில் நமக்குக் கிடைப்பது 1352இல். திரெவீசோ நகரில் சான் நிக்கொலோ தேவாலயத்தை ஒட்டிய மடத்தின் கூடத்தில் தொம்மாசோ த மோதெனா தீட்டிய சுவரோவியத்தில், கர்தினால் ஊக் த சேன்ஷேர் மூக்கின்மேல் இரண்டு வட்ட வில்லைகளை ஏற்றிக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறார். கர்தினால் 1263இலேயே காலமாகிவிட்டார். கண்ணாடியை அவர் கண்ணால்கூடக் கண்டிருக்க முடியாது. படிப்பாளி என்றால் கண்ணாடி இருக்க வேண்டும் என்று ஓவியர் முடிவு செய்துவிட்டார். நம் காலண்டர் ஓவியர்கள் புராண அரசர்களுக்கு நாடகக் கம்பெனி உடை மாட்டிவிட்டதைப் போல.

அந்தக் கண்ணாடி இரண்டு வளையங்களை ஓர் ஆணியால் பிணைத்தது மட்டுமே. மூக்கு அதைத் தாங்கும், இல்லையேல் கை தாங்கும். தமிழில் நாம் வழங்கும் 'மூக்குக்கண்ணாடி' என்ற சொல் அந்த நிலையை அப்படியே சொல்லிவிடுகிறது. காது இந்தப் பெயரில் இடம்பெறவே இல்லை. பின்னர் ஸ்பெயினில் வளையங்களின் ஓரத்தில் கயிறு கட்டிக் காதில் மாட்டினார்கள். எல் கிரேக்கோ 1600ஐ ஒட்டி வரைந்த, இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் கர்தினால் ஓவியத்தில் அந்தக் கயிறு தெரிகிறது. காதை ஒரு கொக்கியாகப் பயன்படுத்தலாம் என்பது, ஆக, 1600க்குள் ஐரோப்பா அறிந்த செய்தி. பிறகு ஏன் உறுதியான கம்பிக் கைகள் வர இன்னும் 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயின? வந்தபோதும் அவை ஏன் காதுவரை எட்டவில்லை?

விடையின் ஒரு பெரும் பகுதி தலைமுடியில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், தலைமுடி போன்ற ஒன்றில்.

பிரான்சின் பதின்மூன்றாம் லூயி இளமையிலேயே முடியை இழந்து டோப்பா அணியத் தொடங்கினார். அவர் மகன் பதினான்காம் லூயியின் காலத்தில் அது அரசவையின் சீருடையாயிற்று. 1660இல் இரண்டாம் சார்லஸ் இங்கிலாந்துக்குத் திரும்பியபின் லண்டனும் அதைப் பிடித்துக்கொண்டது. கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 1663 நவம்பரில் தன் சொந்த முடியை வெட்டக் கொடுத்துவிட்டு டோப்பா அணிந்து தேவாலயத்துக்குப் போகிறார்; எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அஞ்சியவரை யாரும் பொருட்படுத்தவில்லை. 1665இன் கொள்ளைநோய்க் காலத்தில், வாங்கி வைத்த புதிய டோப்பாவைத் தலையில் வைக்கத் தயங்குகிறார். அந்த மயிர் நோயில் மாண்டவர் தலையிலிருந்து வெட்டப்பட்டதாக இருந்தால் என்ன செய்வது?

அதே பீப்ஸுக்குக் கண்ணும் பெரும் துயரம் தந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதி எழுதிக் கண்கள் எரிந்தன, நீர் வடித்தன. பச்சை வில்லைக் கண்ணாடி வாங்கிப் பார்த்தார். காகிதக் குழாய்களைக் கண்ணில் பொருத்தி அதன் வழியே படித்துப் பார்த்தார். குருடாகிவிடுவோம் என்று உறுதியாக நம்பி 1669 மே 31 அன்று நாட்குறிப்பையே நிறுத்திவிட்டார். அதன்பின் 34 ஆண்டுகள் வாழ்ந்தார், பார்வை போகவில்லை. ஆனால் நமக்கு அந்த 34 ஆண்டுகளின் நாட்குறிப்பு இல்லாமல் போயிற்று. ஆங்கில இலக்கியத்துக்குக் கண்ணாடித் தொழில் இழைத்த மிகப் பெரிய நட்டம் இதுவே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1720களின் இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் கடை வைத்திருந்த எட்வர்டு ஸ்கார்லெட், தன் விளம்பரச் சீட்டில் புதுவகைக் கண்ணாடி ஒன்றைப் படமாக அச்சிட்டார். இரு பக்கமும் உறுதியான உலோகக் கைகள். ஆனால் அவை குட்டையானவை. நெற்றிப் பொட்டோடு நின்றுவிடும், முனையில் சுருள் ஒன்று இருக்கும். அந்தச் சுருள் பொட்டில் அழுத்தியே கண்ணாடியை நிறுத்தியது. டோப்பாவின் சுருள்கள் காதை முழுவதுமாக மூடியிருந்தன. அதற்குள் கம்பியை நுழைத்துக் காதுமடலைத் தேடிப் பிடித்து மாட்டுவது என்றால் தலையலங்காரம் கலையும், பூசிய மாவு தோளில் கொட்டும். ஆகவே கம்பி முடியின் எல்லைக்கு வெளியிலேயே நின்றது. கண்ணாடியையும் முடி அலங்காரத்தையும் பொருத்துவது என்ற கலை இங்கேதான் தொடங்குகிறது. அது தொடங்கியபோது அழகுக் கலையாக இல்லை, தச்சு வேலையாக இருந்தது.

பொட்டை நாள் முழுதும் அழுத்தினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? 1752இல் ஜேம்ஸ் ஆஸ்கோ என்பவர் நடுவில் கீல் வைத்து இரண்டாக மடங்கும் நீண்ட கைகளை விளம்பரம் செய்தார். மூக்கையும் அழுத்தாது, பொட்டையும் அழுத்தாது என்பது அவர் வாதம். கை நீண்டு, மடங்கி, தலையின் பின்புறம்வரை வளைந்து சென்றது. சிலவற்றின் முனையில் வளையம் இருக்கும். அதில் நாடா கோத்துப் பின்னால் கட்டிக்கொள்ளலாம். பழங்கண்ணாடி சேகரிப்பவர்கள் இவற்றை 'டோப்பாக் கண்ணாடி' என்றே அழைக்கிறார்கள்.

டோப்பா அணிந்த ஆண்கள் வசதிக்காகத் தலையை மழித்தோ ஒட்ட வெட்டியோ வைத்திருந்தார்கள். வீட்டில் டோப்பாவைக் கழற்றினால் குளிரும். ஆகவே தலையில் துணி சுற்றிக்கொள்வார்கள். ஓவியர் ஷார்டன் 1771இல் தன்னையே வரைந்த வண்ணக்கட்டி ஓவியம் லூவ்ரில் இருக்கிறது. தலையில் வெள்ளைத் துணி, கழுத்தில் துணி, மூக்கில் கண்ணாடி. வயது 70ஐத் தாண்டியவர், எண்ணெய் வண்ணம் கண்ணுக்கு ஒவ்வாமல் வண்ணக்கட்டிக்கு மாறியவர். வீட்டு உடையில், கண்ணாடியோடு, உலகை நேராகப் பார்க்கும் அந்தப் பார்வையில் வெட்கம் கொஞ்சமும் இல்லை. கண்ணாடி முதுமையின் அடையாளமாகவும் டோப்பா மதிப்பின் அடையாளமாகவும் கருதப்பட்ட நகரத்தில், முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவர் வீட்டுக்குள் செய்ததைத் தெருவிலும் அரசவையிலும் செய்தவர் பெஞ்சமின் ஃப்ராங்ளின்.

1776 டிசம்பரில், 70 வயதில், பிறந்து சில மாதங்களே ஆன அமெரிக்கக் குடியரசுக்குப் பிரான்சின் துணையைக் கேட்டு ஃப்ராங்ளின் பாரிஸுக்கு வந்தார். பணம் இல்லை, படை தோற்றுக்கொண்டிருந்தது. அவர் தலையில் இருந்தது மென்மயிர்த் தொப்பி. அதே ஆண்டு கனடாவுக்குப் போனபோது கிடைத்தது அது. தலைத்தோல் நோய் இருந்ததால் டோப்பா அவருக்கு வேதனை தந்தது என்பதும் உண்மை. தொப்பிக்குக் கீழே நரைத்த, நேரான, மெல்லிய சொந்த முடி. அதன் கீழே கண்ணாடி. மாவு பூசிய பாரிஸ் தலைகளுக்கு நடுவே இது எப்படித் தெரியும் என்று 1777 பிப்ரவரியில் ஒரு தோழிக்கு அவர் வேடிக்கையாகவே எழுதினார். அதாவது, என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார். ரூசோவைப் படித்து 'இயற்கை மனிதனை'த் தேடிக்கொண்டிருந்த பாரிஸ் அவரைக் கண்டு சொக்கிப் போயிற்று. லண்டனிலும் பிலடெல்ஃபியாவிலும் நகரவாழ்வே வாழ்ந்த அச்சக முதலாளியைக் காட்டிலிருந்து வந்த ஞானி என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவரும் மறுக்கவில்லை. அந்தத் தொப்பியும் கண்ணாடியுமாகக் கொஷேன் வரைந்து சேன்டோபேன் செதுக்கிய 1777ஆம் ஆண்டு அச்சுப்படம் எங்கும் பரவியது. 1778 மார்ச் 20 அன்று பதினாறாம் லூயியின் முன் நின்றபோதும் டோப்பா இல்லை, இடையில் வாள் இல்லை, கண்ணாடி இருந்தது.

ஒரு கண்ணாடியும் ஒரு தலைமுடியும் சேர்ந்து அரசியல் பேசிய முதல் தருணம் இது என்று துணிந்து சொல்லலாம். டோப்பாவோடு கண்ணாடி அணிந்தால் அது ஒரு குறை. மேலே உள்ள அலங்காரம் மறைக்கப் பார்க்கும் முதுமையைக் கீழே உள்ள வில்லை காட்டிக்கொடுத்துவிடும். நரைத்த சொந்த முடியோடு அணிந்தால் இரண்டும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. தூரப்பார்வைக்கும் கிட்டப்பார்வைக்கும் வில்லையை இரண்டாக வெட்டி ஒட்டிய அவருடைய இரட்டைக் கண்ணாடியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதைவிட இந்தப் பொருத்தம் அமெரிக்காவுக்குக் கூடுதலாக உதவியிருக்கும்.

புரட்சி வந்தபின் கதை எளிதாக முடிந்துவிடவில்லை. மன்னரின் தலையைக் கேட்ட ரோபஸ்பியேர் தன் தலைக்குக் கடைசிவரை மாவு பூசி ஒழுங்காகச் சீவிக்கொண்டார். அதோடு பச்சை நிறம் ஏற்றிய கண்ணாடி. அவரைப் பார்த்தவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளில் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. இங்கிலாந்திலோ டோப்பாவையும் மாவையும் வீழ்த்தியது வரி. 1795இல் பிரதமர் பிட், முடிமாவு பூசுவோர் ஆண்டுக்கு ஒரு கினி கட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த பெட்ஃபோர்டு கோமகனும் நண்பர்களும் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வரி கட்ட மறுத்தார்கள். காது வெளியே வந்தது. அதன்பிறகே கண்ணாடிக் கம்பி தயக்கமின்றிக் காதுக்குப் பின்னால் வளைந்தது.

பெண்களுக்கு இந்த விடுதலை வர இன்னும் நெடுநாள் ஆயிற்று. உயரமாகக் கட்டிய கூந்தலும் தொப்பியும் இருந்த தலையில் கம்பியை மாட்ட இடமும் இல்லை, ஊர் அதை ஏற்கவும் இல்லை. கைப்பிடி வைத்த கண்ணாடியைச் சற்றே உயர்த்திப் பார்த்துவிட்டுத் தாழ்த்தினார்கள். விசிறியின் காம்பில் வில்லையை ஒளித்து வைத்தார்கள். மூக்கைக் கவ்வும் கண்ணாடி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியபோது, அது விழாமலிருக்க மெல்லிய சங்கிலியால் கொண்டையூசியோடு பிணைத்துக்கொண்டார்கள். நகைபோலத் தோன்றும் அந்தச் சங்கிலியைப் பார்க்கும்போது, பார்வை குறைந்த எத்தனை பெண்கள் எதிரே வருபவர் முகம் தெரியாமலே புன்னகைத்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நியூயார்க்கில் 1930களில் கடைச் சாளரங்களை அலங்கரிக்கும் வேலை செய்துவந்த ஆல்ட்டீனா ஷினாஸி, கண்ணாடிக் கடையொன்றில் பெண்களுக்கென்று வைத்திருந்த பிரேம்களின் சலிப்பைக் கண்டு வெறுத்துப்போய், வெனிஸ் நகரின் முகமூடிகளை நினைவில் கொண்டு காகிதத்தில் ஒரு வடிவம் வெட்டினார். ஓரங்கள் மேல்நோக்கி எழும் அந்த வடிவம் 'ஹார்லெக்குவின்' என்ற பெயரில் வந்து 1939இல் லார்டு அண்டு டெய்லர் அங்காடியின் வடிவமைப்பு விருதைப் பெற்றது. பின்னர் பூனைக்கண் பிரேம் என்று உலகம் அழைத்தது இந்தக் குடும்பத்தைத்தான். பக்கங்களை மேல்நோக்கி வாரி நெற்றியைத் திறந்துவிடும் 1940, 50களின் கூந்தலோடு அது ஏன் அவ்வளவு இயைந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. பிரேமின் மேல்விளிம்பு இன்னொரு புருவம். நெற்றி திறந்திருக்கும்போது அந்தக் கோடு கூந்தல் போகும் திசையிலேயே போகிறது. நெற்றியில் முடி விழும்போது புருவம் மறைந்து, முகத்தில் அந்த ஒரு கோடுதான் எஞ்சுகிறது.

புருவத்தையே வாணிபமாக்கியது 1947இல் ஷுரான் நிறுவனம்: மேல்பாதியில் கனத்த பட்டை, கீழே மெல்லிய உலோகம். இந்தப் பிரேமை நினைத்ததும் நினைவுக்கு வரும் முகம் மால்கம் எக்ஸ். இளமையில் அவர் 'சிவப்பன்' என்று அழைக்கப்பட்டார். செம்மை ஓடிய அந்த முடியின் நிறம், தன் தாய்வழிப் பாட்டனாரான வெள்ளையர் இழைத்த வன்முறையின் சுவடு என்று அவர் கருதினார். அந்த முடியைக் காரநீர் கலந்த குழம்பால் தோல் எரிய எரிய நேராக்கிக்கொண்டதைத் தன்னிழிவை நோக்கி வைத்த முதல் பெரிய அடி என்று 1965இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதினார். சிறையில், விளக்கணைத்தபின் நடைவழியின் மங்கிய ஒளியில் படித்துப் படித்துக் கண் கெட்டது. 1952இல் வெளியே வந்ததும் முதலில் வாங்கிய மூன்று பொருள்களில் ஒன்று, சிறை தந்ததைவிட நல்ல கண்ணாடி. மற்றவை ஒரு பெட்டி, ஒரு கைக்கடிகாரம். ஒட்ட வெட்டிய சொந்த முடியும் அந்தக் கண்ணாடியும் ஒன்றாகவே நிழற்படங்களில் வருகின்றன. ஒன்று கைவிட்டதன் அடையாளம், மற்றது கற்றதன் விலை.

ஜான் லென்னனின் வட்டக் கண்ணாடியும் ஒரு முடிவெட்டலோடு வந்ததுதான். 1966 செப்டம்பரில், ரிச்சர்டு லெஸ்டர் இயக்கிய போர்ப்படம் ஒன்றில் சிப்பாயாக நடிக்க, ஜெர்மனியில் உலகப் புகழ்பெற்ற அந்த முடியை வெட்டினார்கள். பாத்திரத்துக்கென மலிவான வட்டக் கண்ணாடி கொடுத்தார்கள். முடி மீண்டும் வளர்ந்தது, கண்ணாடி தங்கிவிட்டது. அதுவரை கிட்டப்பார்வையை மேடையில் மறைத்தே வந்தவர் அவர்.

முடியின் நிறத்துக்கேற்பப் பிரேமின் நிறம் என்ற இன்றைய விதி இவற்றையெல்லாம்விட மிகப் பிந்தியது. பௌஹௌஸ் பள்ளியில் கற்பித்த யோஹானஸ் இட்டன், மாணவர்கள் தாமாகத் தேரும் நிறங்கள் அவரவர் முடி, தோல் நிறங்களோடு ஒத்திருப்பதைக் கவனித்தார். அவர் சொன்னது ஓர் ஓவியனின் அவதானம். அதன் தூரத்து வாரிசாக 1980இல் கரோல் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய விற்பனைச் சாதனை நூல், மனிதர்களை நான்கு பருவங்களாகப் பிரித்துவிட்டது. செம்பட்டைக் கூந்தலுக்கு இலையுதிர்காலம், தேன்நிறத்துக்கு வசந்தம், சாம்பல் கலந்த பொன்னுக்குக் கோடை. கண்ணாடிக் கடைகளில் இன்றும் கேட்கும் 'வெதுவெதுப்பான நிறம், குளிர்ந்த நிறம்' என்ற பேச்சு இந்த மரபைச் சேர்ந்தது. கருங்கூந்தலும் மாநிறமும் கொண்ட ஆசியர்களில் பெரும்பாலோரை அந்த நூல் ஒரே அறைக்குள் அமர்த்திவிடுகிறது. ஆக, சித்திரை வெயிலில் பிரேம் தேடிப் போகும் மதுரைக்காரரும் அதன்படி பனிக்காலத்தைச் சேர்ந்தவர்.