சோற்றுப்பானையும் காணிக்கைக் கலயமும்

சங்கரன்கோவில் என்றதும் நினைவுக்கு வருவது சங்கரநாராயணர் சன்னதியும் ஆடித்தபசுக் கூட்டமும்தான். அந்தக் கோமதியம்மன் ஊரைச் சுற்றிய கரிசல் கிராமங்களுக்குள் கிறிஸ்தவம் எப்படி வந்தது, யார் காசில் வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படாத கதை.

1854-ல் தாமஸ் ராக்லண்ட், டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற மூன்று சர்ச் மிஷனெரி சங்க (சி.எம்.எஸ்.) மிஷனெரிகள் இந்தக் கிராமங்கள் அடங்கிய வடதிருநெல்வேலிக்குக் கூடாரங்களோடு வந்தார்கள். ராக்லண்ட் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேர்ந்தவர். பங்களா கட்டி ஓரிடத்தில் உட்காராமல், கூடாரத்தைப் பிரித்துக் கட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போனார். 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். மிஷன் சரித்திரங்கள் அவரைப் போற்றுவது நியாயமே.

ஆனால் அந்தக் கூடாரங்களில் அவர்கள் மட்டும் தங்கவில்லை. தாமிரபரணிக்குத் தெற்கே இருந்த சபைகளிலிருந்து உபதேசியார்கள் முறை வைத்து வடக்கே வந்தார்கள். ஒரு மாதம் ஊழியம் செய்துவிட்டு ஊர் திரும்புவார்கள், அடுத்தவர் வருவார். அவர்கள் செலவைத் தெற்குச் சபைகளே ஏற்றன. அந்தச் சபைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகள். பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்தவர்கள். முகம் தெரியாத கரிசல்காட்டுக்காரனுக்காக இவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை கேட்ட பிரசங்கம் திங்கட்கிழமை வீட்டுச் செலவுக்குள் நுழைந்திருந்தது என்பதைத் தவிர வேறு பதில் தெரியவில்லை.

அப்படி நுழைந்ததற்கு அழுத்தமான சாட்சி பிடியரிசி. திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளில் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கலயம் இருக்கும். உலைக்கு அரிசி களையும்முன் அம்மா அதில் ஒரு கை அள்ளிப் போடுவாள். கலயத்து அரிசி சபைக்குப் போகும். விற்ற பணம் ஊழியத்துக்கு. அரிசிச் சோறே விசேஷ நாளுக்கு உரியதாக இருந்த சீமை இது. மிஞ்சியதிலிருந்து எடுத்ததல்ல அந்தப் பிடி. பிள்ளைகளின் தட்டிலிருந்து குறைந்தது. காணிக்கைத் தட்டில் காசு போடக் குடும்பத்தலைவரின் மடி அவிழ வேண்டும். கலயத்துக்கு அது தேவையில்லை. அடுப்படியில் நிற்பவளே முடிவெடுத்தாள். சம்பாத்தியம் கையில் இல்லாத பெண்ணைக் கொடுப்பவளாக்கிய ஏற்பாடு என்பதால்தான் இது வேறு எந்தக் காணிக்கையையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரிய வழக்கமல்ல. பக்கத்து விருதுநகரில் 1889-ல் நாடார்கள் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையும் வியாபாரத்தில் பொதுக்காரியத்துக்கென ஒதுக்கிய மகமைப் பணத்தோடு வீட்டுக்கு வீடு திரட்டிய பிடியரிசியால் நடந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதே போலக் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். அவர்கள் அதை 'புஃபாய் தாம்' என்கிறார்கள்.

1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தபோது, கொடுத்துப் பழகிய திருநெல்வேலிப் பெண்களின் கை அதன் பின்னால் இருந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான, வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியாவுக்கு அப்போது வயது 28. இந்தியர் பணம், இந்தியர் ஊழியம், இந்தியர் நிர்வாகம் என்பது சங்கத்தின் கொள்கை. வெளிநாட்டுக் காசுக்குக் காத்திராமல், நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல் பகுதிக்குச் சாமுவேல் பாக்கியநாதனை அனுப்பினார்கள். தெலுங்கு பேசும் அந்த ஊருக்கு 1909-ல் அசரியாவே போய்ச் சேர்ந்தார்; 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஐம்பது வருஷத்துக்கு முன் கரிசல்காட்டுக்கு முறை வைத்து ஆள் அனுப்பிய அதே சபைகள்தான் அவரையும் அனுப்பி வைத்தன.